நடிப்பல்ல, டிஸ்டோனியா

என் தலை வலப்பக்கம் திரும்பியே நிற்கும். நேரே கொண்டுவந்தாலும் கொஞ்ச நேரத்தில் இழுத்துக்கொண்டு மறுபடி அங்கேயே போய்விடும். ஆனால் இடது கைவிரல் ஒன்றை நாடியில், அதாவது மோவாயில், மெல்ல வைத்தால் கழுத்து நேராகிவிடும். தள்ள வேண்டாம், அழுத்த வேண்டாம். பட்டும் படாமலும் வைத்தாலே போதும்.

இதைப் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? விரல் பட்டதும் நேராகிற கழுத்து, விரல் இல்லாமல் ஏன் நேராகாது என்றுதான். வாய்விட்டுக் கேட்டவர்கள் சிலர். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டவர்கள் பலர். உறவினர்கள், கூட வேலை செய்கிறவர்கள், ஆரம்பத்தில் பார்த்த வைத்தியர்கள் எல்லோரும் இதில் அடக்கம்.

எனக்கு இருப்பது டிஸ்டோனியா. தசைகள் நம்மைக் கேளாமல் தாமாக இறுகி, உடம்பின் ஒரு பகுதியைத் திருகியோ வளைத்தோ பிடித்துக்கொள்ளும் ஓர் இயக்கக் கோளாறு. கண் இமையில் வரலாம், தாடையில் வரலாம், குரல்வளையில், கையில், காலில் வரலாம். சிலருக்கு உடம்பு முழுவதும் பரவும். என்னைப்போல நடுவயதில் தொடங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஓரிடத்திலேயே நிற்கும். கழுத்தில் வருவதுதான் அதிகம் காணப்படுகிற வகை.

நான் இங்கே சொல்ல வருவது முக்கியமாக ஒன்றுதான். எவற்றைக் காட்டி "இது நடிப்பு", "இது மனப்பிரமை" என்று சனம் சொல்கிறதோ, அவற்றை வைத்துத்தான் நரம்பியல் வைத்தியர் இந்த நோயைக் கண்டுபிடிக்கிறார். நாடியில் வைக்கும் விரலையே எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பியலில் அதற்கு சென்சரி ட்ரிக் என்று தனிப் பெயர் உண்டு. ஒருவர் கன்னத்தைத் தொடுவார், இன்னொருவர் பிடரியில் கை வைப்பார், வேறொருவர் தலையைச் சுவரில் சாய்ப்பார். சிலருக்கு விரல் முகத்தைத் தொடுமுன்னரே, கை உயரும்போதே, தசை இளகத் தொடங்குவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கழுத்து திரும்பிய நிலையில் ஒருவர் வந்து "இப்படித் தொட்டால் சரியாகிறது" என்று சொன்னால், விஷயம் தெரிந்த வைத்தியருக்குச் சந்தேகம் அதிகரிக்காது, குறையும்.

நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். தொடக்கத்தில் தலை திரும்பியது எனக்கே தெரியவில்லை. பிடரியில் ஒரு வலி, அவ்வளவுதான். பிள்ளைகள்தான் முதலில் கண்டார்கள். என் இடப்பக்கம் இருந்த வாங்குப் பிள்ளைகள், "ரீச்சர் எங்களைப் பார்க்கிறதே இல்லை" என்று முறையிட்டார்கள். கேட்டபிறகு கவனித்தேன், உண்மைதான். கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினால் என் கண் வலப்பக்கச் சுவரில் போய் நின்றது.

அதன்பிறகு நடந்தது வழக்கமான கதை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவினார்கள். தலையணையை மாற்றச் சொன்னார்கள். கழுத்துப் பட்டி போட்டேன். பட்டிக்குள்ளேயே கழுத்து முறுக்கிக்கொண்டு நின்றது, வலிதான் இன்னும் கூடியது. அம்மா நாவூறு கழித்தா. ஒரு வைத்தியர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். படம் சுத்தமாக வந்தது. "ஒன்றும் இல்லை, யோசிக்கிறதைக் குறையுங்கள்" என்றார். எனக்கு உள்ளதைப் போன்ற டிஸ்டோனியாவில் எம்.ஆர்.ஐ. படம் சாதாரணமாக இருப்பதுதான் வழமை. கட்டியோ, பழைய பக்கவாதத்தின் தழும்போ இல்லை என்று உறுதிசெய்வதற்காகத்தான் அதை எடுக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையோ படமோ எதுவும் "இதோ டிஸ்டோனியா" என்று காட்டித்தராது. கண்ணால் பார்த்து, தொட்டுப் பார்த்து, கதை கேட்டு முடிவுசெய்கிற நோய் இது. அதனால் தெரிந்தவரின் கண்ணில் படும்வரை நோயாளிக்கு அலைச்சல்தான்.

கடைசியில் அரச ஆஸ்பத்திரி ஒன்றின் நரம்பியல் கிளினிக்கில் ஓர் இளம் வைத்தியர் என்னைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, "கழுத்தோடு சண்டை பிடிக்காதீர்கள், அது போக விரும்புகிற பக்கம் போகட்டும்" என்றார். விட்டேன். தலை வலப்பக்கம் போய் நின்றது. அப்போது அவர் என் கழுத்தின் இடப்பக்க முன்தசையில் விரலை வைத்துக் காட்டினார். காதுக்குப் பின்னால் தொடங்கி மார்பெலும்பு வரை இறங்கும் தசை அது. கயிறாகத் தடித்திருந்தது. தலையை வலப்பக்கம் திருப்புவது இடப்பக்கத் தசை என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். நீங்களும் கழுத்தில் கைவைத்துத் திருப்பிப் பாருங்கள், தெரியும்.

அவர் சொன்ன விளக்கத்தை என் மொழியில் சொல்கிறேன். ஒரு மூட்டினை அசைக்கத் தசைகள் சோடியாக வேலை செய்கின்றன. முழங்கையை மடக்கும்போது முன்தசை சுருங்கும். அதே கணத்தில் பின்தசைக்கு "நீ விடு" என்ற கட்டளை போகும். அந்த "விடு" என்ற கட்டளையில்தான் டிஸ்டோனியாவின் கோளாறு இருக்கிறது. அது சரியாகப் போகாததால் எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. தேவையில்லாத பக்கத்துத் தசைகளும் சேர்ந்துகொள்கின்றன. மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் காங்லியா, பின்புறச் சிறுமூளை, தொடுகையை உணரும் மேற்பட்டை ஆகியவை தம்முள் நடத்துகிற பேச்சுவார்த்தை பிசகுவதால் இது வருகிறது என்பது இன்றைய விளக்கம். தொடுகையை உணரும் பகுதியும் இதில் சம்பந்தப்பட்டிருப்பதால், நாடியில் விரல் வைப்பது ஏதோ ஒருவகையில் அந்தப் பிசகைத் தற்காலிகமாகச் சரிக்கட்டுகிறது. தசையில் பழுதில்லை. அதற்கு வருகிற கட்டளைதான் பிழை.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கை, கழுத்து திருகுவது, நடுங்குவது இருந்ததா?" நான் இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த அம்மா, "அத்தானுக்குக் கை அப்படி வரும்" என்றா.

அம்மா சொன்னது என் பெரியப்பாவை. அவரை அந்தக் கோணத்தில் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். எழுத்து அச்சுமாதிரி இருக்கும் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் அவருடைய வலது கை எழுத மறுத்தது. பேனையைப் பிடித்து ஒன்றிரண்டு சொல் எழுதுவதற்குள் சுட்டுவிரல் தானாக மேலே விறைத்து எழும்பும், மணிக்கட்டு உள்ளே மடங்கும், பேனை முனை தாளைக் கிழித்துக்கொண்டு போகும். பேனையைக் கீழே வைத்ததும் கை பழையபடி சரி. அதே கையால் மாங்காய் சீவுவார், சட்டைப் பொத்தான் போடுவார், ஊசியில் நூல் கோப்பார். கந்தோரில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. வேலை செய்யக் கள்ளம் என்றார்கள். அவர் இடது கையால் எழுதப் பழகினார், கொஞ்சக் காலத்தில் அந்தக் கையும் மடங்கத் தொடங்கியது. வேலையை விட்டார். பிறகு கடைசிவரை தெரிந்தவர் ஒருவரின் கடையில் காசு வாங்கிப் போடுகிற வேலைதான்.

அம்மா இன்னொன்றையும் சொன்னா. தொண்ணூறுகளில் கொழும்பில் இருந்த தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெரியப்பா மேசைக்கு முன்னால் நின்று பெயரை எழுதத் தொடங்க, எதிரே இருந்தவர் பார்த்துக்கொண்டிருக்க, கை முழுவதும் முறுக்கிக்கொண்டு நடுங்கியது. "ஏன் நடுங்குகிறாய், என்ன பயம்?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். அம்மாதான் பேனையை வாங்கி எழுதிக் கொடுத்தா. அந்த வருடங்களில் கொழும்பில் இருந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். நடுங்குகிற கை ஒரு குற்றத்தின் தடயமாகப் பார்க்கப்பட்ட காலம் அது. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவசரத்தில், பதற்றத்தில் டிஸ்டோனியா கூடும். கூடுவதால் பதற்றம்தான் காரணம் என்று ஆகாது. பதற்றத்தில் ஆஸ்துமாவும் கூடும், நெஞ்சு வலியும் கூடும். அவற்றை யாரும் பொய் என்பதில்லை.

பெரியப்பாவுக்கு இருந்தது எழுதுவோருக்கு வரும் டிஸ்டோனியா. ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும்போது மட்டும் வருகிற வகை. லண்டனில் டேவிட் மார்ஸ்டன் என்ற நரம்பியல் வைத்தியரும் அவருடன் வேலை செய்தவரும் 1982இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எழுதும்போது கை முறுக்கிக்கொள்கிறவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமான மனநோய் இல்லை, இது டிஸ்டோனியாவின் ஒரு வடிவம் என்று அதில் காட்டினார்கள். கோட்டைக் கந்தோரில் பெரியப்பா பெயர் கெட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கட்டுரை வெளிவந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

வைத்திய உலகமும் ஒரு காலத்தில் கந்தோர்க்காரரைப்போலத்தான் நினைத்தது. 1908இல் பெர்லினில் ஷ்வால்பே என்ற மாணவர் ஒரே குடும்பத்து உடன்பிறந்தவர்களுக்கு வந்த இந்தத் திருகலைப் பற்றித் தம் பட்டத்துக்காக எழுதினார். தலைப்பிலேயே "ஹிஸ்டீரியா அறிகுறிகளுடன்" என்று போட்டார். 1911இல் அதே நகரத்து ஹெர்மன் ஒப்பன்ஹைம், இது மூளை சம்பந்தப்பட்ட நோய் என்று சொல்லி டிஸ்டோனியா என்ற பெயரை வைத்தார். அவர் சொன்னது நிலைக்கவில்லை. அடுத்த பல தசாப்தங்களுக்கு மனோவியல் விளக்கங்களே மேலோங்கின. குழந்தைப் பருவத்து அடக்கப்பட்ட ஆசை அது இது என்று நோயாளிகளின் தலையில் ஏற்றினார்கள். மார்ஸ்டன் எழுபதுகளில் தொடங்கி, இமை இறுகுவது, கழுத்து திரும்புவது, கை முறுக்குவது எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள் என்று நிறுவினார். 1997இல் சிறு வயதில் தொடங்கி உடம்பெல்லாம் பரவும் ஒரு வகைக்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வாதத்துக்கு இடமில்லை.

நம்ப முடியாததாகத் தெரிகிற மற்ற அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். தூக்கத்தில் இது பெரும்பாலும் மறைந்துவிடும். காலையில் எழும்பிக் கொஞ்ச நேரம் என் கழுத்து நேராக இருக்கும். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் திரும்பத் தொடங்கும். காலில் டிஸ்டோனியா உள்ள சில பிள்ளைகளுக்கு முன்னோக்கி நடக்கக் கால் கோணும், ஆனால் பின்னோக்கி நடப்பார்கள், ஓடவும் செய்வார்கள். குரல்வளையில் உள்ளவர்களுக்குப் பேசும்போது குரல் நெரிபடும். சிரிக்கவும் பாடவும் முடியும். இமை இறுகிக் கண் திறக்க முடியாமல் நிற்கிற சிலருக்கு, பேசினாலோ பாட்டை முணுமுணுத்தாலோ கண் திறக்கும். வீணை, வயலின், பியானோ வாசிக்கிறவர்களுக்கு வாத்தியத்தில் கை வைத்தால் மட்டும் விரல் மடங்கும். அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு அறுபதுகளில் வலது கை இப்படித்தான் போனது. பல தசாப்தங்கள் இடது கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசித்தும், படிப்பித்தும், இசைக்குழு நடத்தியும் இருந்துவிட்டு, தொண்ணூறுகளில் ஊசி மருந்தின் உதவியோடு இரண்டு கைகளாலும் மேடைக்குத் திரும்பினார்.

அந்த ஊசிதான் எனக்கும். பொட்டுலினம் டொக்சின், சனம் பொட்டொக்ஸ் என்று சொல்வது. முகச்சுருக்கத்துக்குப் போடுகிற அழகு மருந்து என்றுதான் பலருக்குத் தெரியும். ஆனால் அது முதலில் நோய்க்குத்தான் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் அலன் ஸ்கொட் என்ற கண் வைத்தியர் மாறுகண்ணைச் சரிசெய்ய இதைப் பரிசோதித்தார். 1989இல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும் அனுமதி கிடைத்தது. கழுத்துக்கு 2000இல் கிடைத்தது. நரம்பு நுனியிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிற்றைல்கோலின் வெளிவராமல் இது தடுக்கிறது. மூளை அனுப்புகிற பிழையான கட்டளை வந்துகொண்டுதான் இருக்கும், தசைக்கு அது முழுதாகக் கேட்காது.

ஊசி போடுமுன் மெல்லிய ஊசி முனையைத் தசைக்குள் விட்டு, அதன் மின் ஓசையை ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அமைதியான தசையில் சத்தமே இல்லை. என் இடப்பக்க முன்தசைக்குள் முனை போனதும் தகரக் கூரையில் பெருமழை விழுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நான் கையைக் காலை அசைக்காமல், கழுத்தை அதன்பாட்டில் விட்டு இருக்கிறேன், மழை நிற்கவில்லை. கூட வந்த என் கணவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். அவர் ஒருநாளும் என்னைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று அவர் அறிந்தது அன்றைக்குத்தான்.

முன்தசையில் இடப்பக்கம், பிடரித் தசையில் வலப்பக்கம் என்று போட்டார்கள். சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்புத் தளர்ந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் வேலை செய்யும், பிறகு திரும்பப் போட வேண்டும். அதற்கு முன்னர் அவசரப்பட்டுப் போடக்கூடாது. உடம்பு மருந்துக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கிக்கொண்டால் பலிக்காமல் போகலாம். எனக்கு முதல் முறை விழுங்கக் கொஞ்சம் சிரமம் வந்தது. சோற்றை நன்றாகக் குழைத்துச் சாப்பிட்டேன், ஒன்றிரண்டு கிழமையில் சரியானது. அடுத்த தடவை அளவைக் குறைத்தார்கள். இது நோயைக் குணமாக்குகிற மருந்து இல்லை. ஆனால் ஒரு வகுப்பை இரு பக்கமும் பார்த்து நடத்த முடிகிறது என்றால் அது எனக்குப் பெரிய விஷயம். 2022இல் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது என் ஊசி தள்ளித் தள்ளிப் போனது. கழுத்து பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. நோயும் மருந்தும் தெரிந்த பிறகும் ஊசி கிடைக்காமல் இருப்பது, தெரியாமல் அலைந்த காலத்தைவிட மோசமாக இருந்தது.

ஊசி பலிக்காதவர்களுக்கும், உடம்பு முழுவதும் பரவியவர்களுக்கும் மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்துத் தூண்டுகிற சத்திரசிகிச்சை உண்டு. மாத்திரைகளில், குறிப்பாகச் சிறு வயதினருக்கு, பென்ஸ்ஹெக்சோல் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது வாயை உலர்த்தும், ஞாபகத்தைக் குழப்பும். எனக்கு ஒத்துவரவில்லை.

பெற்றோருக்கு இரண்டு விஷயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் கால் உள்பக்கம் கோணி, காலையில் நன்றாக நடந்து மாலையில் மோசமாகிறது என்றால், லெவோடோபா மருந்தைக் கொஞ்சமாகக் கொடுத்தாலே முற்றாகத் தேறக்கூடிய வகை ஒன்று இருக்கிறது. ஜப்பானில் மசாயா செகாவா என்ற வைத்தியர் எழுபதுகளில் விவரித்த நோய் அது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளை என்று முத்திரை குத்தி வருடக்கணக்கில் நாற்காலியில் இருத்தியவர்கள் அந்த மருந்தில் எழும்பி நடந்திருக்கிறார்கள். இரண்டாவது, வில்சன் நோய். ஈரலில் இருந்து செம்பு வெளியேறாமல் மூளையிலும் படிகிற பரம்பரை நோய். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும்; எங்கள் சனத்தில் மச்சான் மச்சாள் கலியாணம் இன்னும் நடப்பதால் இதை மறக்கக்கூடாது. நேரத்தோடு கண்டுபிடித்தால் மருந்தால் கட்டுப்படுத்தலாம், விட்டால் உயிருக்கே ஆபத்து. இளம் வயதில் டிஸ்டோனியா வந்தால் இந்த இரண்டையும் பார்த்தீர்களா என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று, வாந்திக்குக் கொடுக்கிற மெற்றோகுளோப்பிரமைட்டும் மனநோய்க்கான சில மருந்துகளும் சிலருக்கு, அதிகமாக இளம் வயதினருக்கு, ஒன்றிரண்டு நாளுக்குள் கழுத்தைப் பின்னால் வளைத்து, கண்ணை மேலே செருகி, நாக்கைத் தள்ளச் செய்யும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பேய் பிடித்தது என்று கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், என்ன மாத்திரை குடித்தது என்று உறையோடு காட்டினால், மாற்று ஊசி ஒன்றில் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். மனநோய் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

எனக்கு நோயின் பெயர் தெரிந்ததும் கொட்டாஞ்சேனையில் இருக்கிற பெரியம்மாவிடம் போய்ப் பெரியப்பாவின் கையைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த மனுசன் நடிக்கேல்லைத்தானே பிள்ளை?" என்று கேட்டா. இல்லைப் பெரியம்மா என்றேன். "நான் ஒருநாளும் சொல்லேல்லை. ஆனா நினைச்சிருக்கிறன்" என்றா. பிறகு ஆத்திரத்தோடு, அந்தக் கந்தோரில் இப்போது யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத முடியுமா என்று கேட்டா. அந்தக் கம்பனியே இப்போது இல்லை.

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேசிய வைத்தியசாலையில் நரம்பியலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அரச கிளினிக்கில் பார்ப்பதற்குக் காசு இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணி ஒருமுறை பார்ப்பவர்களும் தொடர்ந்து கிளினிக்குக்குப் போவது நல்லது, ஏனென்றால் இது ஆயுளுக்கும் போக வேண்டிய இடம். வரிசையில் நின்று களைத்து உள்ளே போகும்போது கழுத்தோ கையோ அன்றைக்கென்று சும்மா இருக்கும். அதனால் வீட்டில் மோசமாக இருக்கும்போது போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். எதைத் தொட்டால் குறைகிறது, எந்த நேரம் கூடுகிறது, என்னென்ன மருந்து எடுத்தீர்கள், குடும்பத்தில் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிங்களம் தடுமாறினால் அந்தத் தாளும் வீடியோவுமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

என் வகுப்பில் நான் நிற்கிற இடத்தை மாற்றிக்கொண்டேன். இடப்பக்கச் சுவரோரமாக நின்றால் பிள்ளைகள் எல்லோரும் என் வலப்பக்கம் வந்துவிடுவார்கள். பஸ்ஸில் வலது ஜன்னலோர சீட் கிடைத்தால்தான் இருப்பேன், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரை நான் உற்றுப் பார்ப்பதாக நினைப்பார். பரீட்சைத் தாள்களை ஊசி நன்றாகப் பிடித்திருக்கிற கிழமைகளில் திருத்தி முடிப்பேன். கலியாண வீடுகளுக்கும் அந்தக் கிழமைகளில் போவேன். மற்ற நாட்களில் கேட்கிறவர்களிடம் பெயரைச் சொல்கிறேன். டிஸ்டோனியா என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால், இருந்து சொல்ல எனக்கு நேரம் இருக்கிறது.